மாமாவின் மடிக்கணினியில் இசையமைப்பாளர் எங்கே?

சிகாமட்டில் என் மாமா ஒருவர் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று லாபிஸ், பூலோ காசாப், ஜெமந்தா பக்கமெல்லாம் அவர் வேன் போகும். ஸ்பீக்கர் பெட்டி தூக்க ஆள் உண்டு; பாட்டுப் போடுவது மட்டும் அவரேதான். அண்மையில் ஒரு கல்யாணத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து, “தம்பி, பதினாறு வயதினிலே படத்துல மலேசியா வாசுதேவன் பாடுவாரே, அதப் போடுங்க” என்றார். பாட்டு கணினியில் இருந்தது. மாமா அதைத் தேடி எடுப்பதற்குள் பெரியப்பா பந்திக்குப் போய்விட்டார்.

திரையைப் பார்த்தேன். பாதி இடத்தை அட்டைப்படம் அடைத்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ‘ஆர்ட்டிஸ்ட்’ பட்டியல். அதில் எஸ்.பி.பி., எஸ்.பி. பாலசுப்ரமணியம், எஸ்.பி.பி. - ஜானகி என்று ஒரே பாடகர் மூன்று பேராக நின்றார். பாட்டு முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதோ ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில். பாட்டுப் போடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

மாமா மேல் தப்பில்லை. பாடகரோ இசைக்குழுவோதான் பாட்டுக்குச் சொந்தக்காரர் என்ற வழக்கம் உள்ள ஊர்களில் பிறந்தவை பாட்டுப் போடும் இந்த மென்பொருள்கள். நமக்குப் படம் முதலில், இசையமைப்பாளர் அடுத்து, பாடகர் அதற்கும் அடுத்து. ‘இளையராஜா பாட்டு’ என்றால் அவர் பாடியது என்று யாரும் நினைப்பதில்லை.

இந்தக் கோளாறு கோப்புக்குள்ளேயே தொடங்குகிறது. எம்பி3 கோப்பின் வாலில் பாட்டின் விவரங்களை ஒட்டிவைக்கும் ஐடி3 முறை 1996-இல் வந்தது. மொத்தம் 128 பைட். தலைப்பு, பாடகர், ஆல்பம் மூன்றுக்கும் ஆளுக்கு 30 பைட். இசையமைப்பாளருக்கு இடமே இல்லை. ‘பதினாறு வயதினிலே’ என்று இன்றைய யூடிஎஃப்-8 முறையில் தமிழில் எழுத 46 பைட் வேண்டும். 30 பைட்டில் ‘பதினாறு வய’ என்பதோடு நின்றுவிடும். பின்னால் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பு நீளமான பெயருக்கு வழிவிட்டது, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் தந்தது. ஆனால் இடம் இருந்தால் போதுமா? திரையில் காட்ட வேண்டுமே.

திரையை மாற்றுவதில் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று சாயம் மாற்றுவது, இன்னொன்று சுவரையே நகர்த்துவது. 1997-இல் வந்த விண்ஆம்ப் என்னும் பாட்டு மென்பொருள், பின்னர் ‘ஸ்கின்’ வசதியைக் கொடுத்தது. 275-க்கு 116 புள்ளி அளவுள்ள அந்தச் சின்னப் பெட்டிக்கு ஆயிரக்கணக்கான சட்டைகள் தைக்கப்பட்டன. ஆனால் அந்தப் பழைய ஸ்கின் எதைப் போட்டாலும் பட்டன் இருந்த இடத்தில்தான் இருக்கும். பாட்டின் பெயரைக் காட்டும் எழுத்துகள்கூட ஒரு படக்கோப்பில் வரைந்துவைத்த ரோமன் எழுத்துகளே. தமிழுக்கு அதில் வழியில்லை.

சுவரை நகர்த்த விடுவது ஃபூபார்2000 என்னும் இன்னொரு பாட்டு மென்பொருள். விண்ஆம்ப் நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுத்த பீட்டர் பாவ்லோவ்ஸ்கி 2002-இல் வெளியிட்டது, இலவசம்தான். முதலில் திறக்கும்போது பார்க்க மொட்டையாக இருக்கும், பயப்பட வேண்டாம். ‘வியூ’ மெனுவில் ‘லேஅவுட்’, அதற்குள் ‘லேஅவுட் எடிட்டிங் மோட்’ என்பதை இயக்கினால் திரை தனித்தனித் துண்டுகளாகிவிடும். எந்தத் துண்டின் மேலும் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி அதை வெட்டலாம், வேறிடத்தில் ஒட்டலாம், அதற்குப் பதில் வேறொன்றை வைக்கலாம். துண்டுகளைத் தாங்குவது ‘ஸ்ப்ளிட்டர்’ என்னும் தடுப்பு. இடவலமாகப் பிரிக்க ஒன்று, மேல்கீழாகப் பிரிக்க ஒன்று. தடுப்புக்குள் தடுப்பு வைத்துக்கொண்டே போகலாம் என்பதால்தான் எந்த வடிவமும் சாத்தியமாகிறது.

மாமாவுக்கு இப்படி அமைத்தோம். அட்டைப்படத்தைத் தூக்கினோம். இடப்பக்கம் ‘ஆல்பம் லிஸ்ட்’, வலப்பக்கம் பாட்டு வரிசை, எழுத்து பெரிதாக. கீழ்ப்பட்டையில் மீதி நேரம். ஆல்பம் லிஸ்ட் எந்த வரிசையில் விரிய வேண்டும் என்பதை ஒரு சின்ன வாய்பாடு சொல்கிறது. கம்போசர், ஆல்பம், டைட்டில் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு எழுதி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இட்டால் போதும். இளையராஜாவைத் திறந்தால் படங்கள், படத்தைத் திறந்தால் பாட்டுகள்.

இதற்கு முன் ஒரு சலிப்பான வேலை இருக்கிறது. கோப்புகளில் இசையமைப்பாளர் பெயர் இருக்க வேண்டும், ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும். ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால் ஒரே தடவையில் எழுதிவிடலாம். மாமாவிடம் இருப்பது நாலாயிரம் பாட்டு. கேட்டுக் கேட்டுப் பழகிய இருநூறு படங்களை முதலில் முடித்தோம். மற்றது மெதுவாக நடக்கட்டும்.

அமைத்து முடித்ததும் எடிட்டிங் மோடை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் நிகழ்ச்சிக்குப் போனால், பாட்டின் மேல் வலப் பொத்தானை அழுத்தும்போது பாட்டுக்கான மெனு வராது, துண்டை வெட்டவா ஒட்டவா என்ற மெனுதான் வரும். தாலி கட்டும் நேரத்தில் அது தேவையா?

கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலும் நிறத்தோடு சரி, சுவர் நகராது. சிறிய திரையில் அது பெரிய குறையும் இல்லை.

அமைப்பு பிடித்துப்போனால் ‘எக்ஸ்போர்ட் தீம்’ கொடுத்து, வரும் சின்னக் கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி படுத்தாலும் இன்னொன்றில் அதே திரை வந்துவிடும். வாய்பாட்டை மட்டும் தனியாக எழுதி வையுங்கள். மாமா அதை மடிக்கணினி மூடியின் உட்புறம், திரைக்குக் கீழே, செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்.