டைமிங் பெல்ட்டை ஏன் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்?

  குர்கானில் 1983 டிசம்பரில் வெளிவந்தது மாருதி 800. அதன் எஞ்சினுக்குள் ஒரு பல் வைத்த ரப்பர் பட்டை உண்டு. அதுதான் டைமிங் பெல்ட்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் அது இணைக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. பெல்ட் ஒரு பல் தாண்டினாலே வால்வு திறக்கும் நேரம் பிசகிவிடும். அறுந்தால், சில எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். வெப்பமும் எண்ணெய்க் கசிவும் ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

வீட்டில் மாற்றுவோர் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இரு ஷாஃப்ட்டுகளின் குறிகளையும் நேர்படுத்திய பிறகே பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரைத் தளர்த்துங்கள். தேய்ந்த டென்ஷனரோடு புதுப் பெல்ட் போடுவது வீண்செலவு. மாட்டியதும் கிராங்க்கை ஸ்பேனரால், எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய அவ்வளவு வேண்டும். நடுவில் தடை தட்டினால் அழுத்தாதீர்கள். குறிகள் மறுபடி நேரே நிற்காவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். கழற்றி மறுபடி மாட்டுங்கள்.