வோடவில் அரங்கில் தீர்ப்பும் மொழியும்

1. முன்னுரை

கலைநிகழ்ச்சி ஒன்றைக் கண்டு 'நன்று' என்றோ 'நன்றன்று' என்றோ கூறுவது எளிய கருத்துரை போலத் தோன்றும். அதனைக் கூறுபவர் யார், யாரிடம் கூறுகிறார், அதன் விளைவு எவரைச் சாரும் என்னும் வினாக்களை எழுப்பினால், அக்கூற்று அத்துணை எளியதன்று என்பது புலப்படும். ஏறத்தாழ 1880 முதல் 1930 வரை அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றிருந்த வோடவில் அரங்குகளின் மேலாளர்கள் எழுதிய அறிக்கைகள் இதனை விளக்குவதற்கு ஏற்ற சான்றுகளாகும். அவற்றில் காணப்படும் மதிப்பீட்டு மொழியின் இயல்பை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. அரங்கும் அறிக்கையும்

வோடவில் என்பது கதைத் தொடர்பற்ற பல உருப்படிகளை ஒரே கட்டணத்தில் அடுத்தடுத்துக் காட்டும் கலவை நிகழ்ச்சியாகும். பாட்டு, நடனம், நகைச்சுவை உரையாடல், கழைக்கூத்து, பழக்கிய விலங்குகளின் வித்தை, சிறு நாடகம் ஆகியன அதில் இடம்பெறும். பெருநகர்களின் முதல்தர அரங்குகளில் நாளொன்றுக்கு இரு காட்சிகள் நடந்தன. சிறுநகர்களிலும் புறநகர்களிலும் இருந்த மலிவான அரங்குகளில் மூன்றோ அதற்கு மேலோ நடந்தன, உருப்படிகள் குறைவு, இடையே திரைப்படமும் காட்டப்படும். முன்னதைப் 'பிக் டைம்' என்றும் பின்னதை 'ஸ்மால் டைம்' என்றும் தொழில் வழக்கில் குறித்தனர். இவ்விரு தொடர்களும் ஆங்கிலப் பொதுவழக்கில் இன்றும் வாழ்கின்றன.

பி.எஃப்.கீத் 1883இல் பாஸ்டன் நகரில் சிறு காட்சிசாலையாகத் தொடங்கிய தொழில், இ.எஃப்.ஆல்பியின் துணையால் அரங்குகளின் பெருந்தொடராக வளர்ந்தது. 1906இல் கலைஞர்களை ஒப்பந்தம் செய்யும் பணி ஒரே அலுவலகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஒவ்வோர் அரங்கின் மேலாளரும், பெரும்பாலும் வாரத்தின் முதற்காட்சிகளைக் கண்டபின், ஒவ்வோர் உருப்படியைப் பற்றியும் சில வரிகள் எழுதி அனுப்புவார். 1902 முதல் 1923 வரையிலான இத்தகைய அறிக்கைத் தொகுதிகள் அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இவை தலைமை அலுவலகத்திற்காகவும் பிற மேலாளர்களுக்காகவும் எழுதப்பட்டவை. கலைஞரை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. எனினும், அவருடைய அடுத்த ஒப்பந்தத்திலும் ஊதியத்திலும் இச்சில வரிகளின் செல்வாக்கு இருந்தது.

3. நால்வகைக் கூற்றுகள்

இவ்வறிக்கைகளில் நால்வகைக் கூற்றுகளைப் பிரித்தறியலாம். முதலாவது விவரிப்பு: உருப்படி எத்தனை நிமிடம் நீடித்தது, மேடையின் எப்பகுதியில் நடந்தது என்பன. மேடையின் முன்திரைக்கும் விளிம்பு விளக்குகளுக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதி 'இன் ஒன்' எனப்பட்டது. நகைச்சுவையாளர் ஒருவர் அங்கு நின்று பேசும்போது திரைக்குப் பின்னால் அடுத்த உருப்படிக்கான காட்சியமைப்பை மாற்றிவிடலாம். ஆகவே வெறும் விவரம்போலத் தோன்றும் இக்குறிப்பிலும் பயன்மதிப்பு அடங்கியுள்ளது.

இரண்டாவது விளைவுரை: அவையினர் சிரித்தனரா, கைதட்டினரா என்பது. மூன்றாவது மேலாளரின் சொந்தக் கருத்து. நான்காவது பரிந்துரை அல்லது ஆணை: இவ்வுருப்படியை மீண்டும் அழைக்கலாம், இந்த ஊதியத்திற்குத் தகாது, இச்சொல்லை நீக்குமாறு கூறப்பட்டது என்பன போல.

ஜே.எல்.ஆஸ்டின் 1962இல் வெளிவந்த நூலில் பேச்சுச்செயல்களை வகைப்படுத்துகையில், நடுவர் அளிக்கும் தீர்ப்புரையையும் அதிகாரத்தைச் செலுத்தும் ஆணையுரையையும் வெவ்வேறாக வைத்தார். மேலாளரின் அறிக்கையில் இவை கலந்துவிடுகின்றன. விளைவுரையாகத் தொடங்கும் தொடர் தீர்ப்பாகி, அலுவலகத்தை அடைந்ததும் ஆணையின் வலிமையைப் பெறுகின்றது.

ஆணையுரையோடு தொடர்புடைய சொற்கதை ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஆபாசமான பேச்சை ஆங்கிலத்தில் 'நீலம்' என்பதற்குக் காரணம், கீத் அரங்குகளில் தணிக்கை ஆணை நீல உறையில் வந்தமையே எனப் பலரும் கூறுவர். ஆனால் அச்சொல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இப்பொருளில் வழங்கியுள்ளது. ஆதலின் இது பின்னர்க் கற்பிக்கப்பட்ட சொற்பிறப்பு விளக்கம் என்றே கொள்ளவேண்டும்.

4. எழுவாயில் மறையும் நடுவர்

மதிப்பீட்டுத் தொடர்களின் இலக்கண அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. வோடவில் வழக்கில் உருப்படியே எழுவாயாக நிற்கும். அது 'நன்றாகச் சென்றது' என்றோ 'செல்லவில்லை' என்றோ கூறுவர். தமிழிலும் இதற்கு நிகரான அமைப்பு உண்டு. 'பாட்டு எடுபட்டது', 'வேடிக்கை எடுபடவில்லை' என்கிறோம். எவரிடம் எடுபடவில்லை என்பது தொடரில் வெளிப்படுவதில்லை. மதிப்பிடுபவர் மறைந்துவிட, குறை உருப்படியின் இயல்பான பண்பு போலத் தோற்றமளிக்கின்றது.

இம்மறைவு நடைமுறையில் பெரிதும் பொருட்படுத்தத்தக்கது. உயர்கட்டண இருக்கையினரும் மேல்மாடத்தின் மலிவு இருக்கையினரும் ஒன்றுபோலச் சுவைப்பதில்லை. மேல்மாடம் ஆரவாரித்த உருப்படி கீழ்த்தளத்தில் அமைதியாக ஏற்கப்படலாம். இவர்களுள் எவரை மேலாளர் 'அவை' எனக் கொள்கிறார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும்.

நிகழ்ச்சிவரிசையும் அத்தகையதே. அவையினர் வந்து அமர்ந்துகொண்டிருக்கும் முதலிடத்தில், பேச்சில்லாத கழைக்கூத்து போன்ற உருப்படியை வைப்பது வழக்கம். அங்குக் கைதட்டல் குறைந்தால் அது கலைஞரின் குறையன்று. இடத்தைக் குறிக்காமல் விளைவை மட்டும் எழுதினால் தீர்ப்பு பிழைபடும்.

சிறுநகர் அரங்கில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. ஒரே ஊரின் சுவை பொதுச்சுவைக்கு அளவுகோலாக்கப்படுகின்றது. இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் இது எடுபடுமா என்னும் வினா ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. வோடவில் கலைஞர்களின் வழக்கோடு அதனை இணைத்துக் கூறுவர். அங்கும் ஊர்ப்பெயர் மட்டுமே நிற்கின்றது. ஊரில் எவர் என்பது இல்லை.

இதற்கு மாறானது, புதியவர்கள் மேடையேறும் பயில்முறைக் கலைஞர் இரவு. அங்குக் கைதட்டலின் அளவே பரிசை முடிவுசெய்தது. எடுபடாதவரை நீண்ட கொக்கியால் இழுத்து அகற்றுவதும் உண்டு. அது கொடுமையான முறையே. ஆயினும் தீர்ப்பளிப்பவர் எவர் என்பதை மேடையில் நிற்பவர் நேரில் கண்டார். அறிக்கையால் வாய்ப்பை இழந்தவருக்கு அவ்வறிவுகூடக் கிட்டவில்லை.

5. முடிவுரை

நியூயார்க்கின் புகழ்பெற்ற பேலஸ் அரங்கு 1932இல் முழுமையாகத் திரைப்பட அரங்காயிற்று, வோடவில் மறைந்தது. ஆனால் அதன் மேலாளர் எதிர்கொண்ட மொழிச்சிக்கல் மறையவில்லை. இசைப்போட்டியின் நடுவர், நூல் மதிப்புரையாளர், விடைத்தாள் திருத்துபவர் ஆகியோரும் கண்டது, பிறர் உற்றது, தாம் கருதியது, செய்யத்தக்கது ஆகிய நான்கையும் ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றனர். இவற்றைத் தனித்தனியே எழுதுவதும் 'எவரிடம் எடுபடவில்லை' என்பதை வெளிப்படையாகக் கூறுவதும் நடைநயம் பற்றியன மட்டுமல்ல. தீர்ப்புக்குள்ளாகும் ஒருவர் மறுமொழி கூறுவதற்குரிய வழியை அவையே திறக்கின்றன. அவ்வகையில் மதிப்பீட்டில் நேர்மை என்பது மனப்பாங்கை மட்டுமன்றித் தொடரமைப்பையும் சார்ந்ததாகும் எனலாம்.