தேன் அபிஷேகம் உணர்த்தும் உண்மை

திருப்பூர் மாவட்டம், காங்கயத்தை அடுத்த சிவன்மலையில் குன்றின் மேல் கோயில் கொண்டு அருள்பாலிக்கிறார் சுப்பிரமணிய சுவாமி. வள்ளி பிராட்டி அளித்த தேனையும் தினைமாவையும் விரும்பி ஏற்ற பெருமான் அவர். முருகன் சந்நிதிகளில் பால், பஞ்சாமிர்தம் முதலியவற்றோடு தேனும் அபிஷேகத் திரவியமாவதை நாம் அறிவோம்.

கருங்கல் திருமேனியில் தேன் வழிந்தோடும் காட்சியைக் கண்ணாரக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். தேன் பட்டு அத்திருமேனி வெளுப்பதில்லை, மெருகேறி ஒளிர்கிறது. நம் மேனிக்குத் தேன் செய்யும் நன்மையும் அத்தகையதே.

பனியன் கம்பெனிக்கு வெயிலில் வண்டியோட்டிச் செல்லும் பேத்தியின் கன்னத்தில் மங்கு படர்ந்தால், “தேனில் எலுமிச்சைச் சாறு கலந்து பூசு, கண்ணு” என்று சொல்லாத பாட்டி கொங்கு நாட்டில் உண்டோ? அந்த யோசனையில் பாதி நன்று, மறுபாதி தீது.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கவே அது சுரக்கிறது. வெயில் மிகும்போதும், கர்ப்ப காலத்திலும், சில மருந்துகளாலும் அது ஓரிடத்தில் மிகுந்தால் கருந்திட்டு தோன்றும். முதியோர் புறங்கையில் காணும் பழுப்புப் புள்ளிகளும் பல்லாண்டு வெயிலின் தடமே.

தேனிலுள்ள சர்க்கரைகள் ஈரத்தைப் பற்றி வைப்பதால், வறண்ட தோல் மென்மையுறும். அதன் அமிலத்தன்மை கிருமிகளை அடக்கும். மருத்துவத்திற்கெனத் தூய்மை செய்யப்பட்ட தேன், புண்களுக்கும் பயன்படுகிறது. தேன்மெழுகு கலந்த களிம்பு, பாதவெடிப்பின் மேல் காப்பாக அமையும். ஆனால், படர்ந்த மங்கைத் தேன் மட்டுமே நீக்கிவிடாது.

எலுமிச்சையோ எதிர்வினை புரியவல்லது. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும், அதன்பின் முன்னினும் கரிய தழும்பும் உண்டாகலாம்.

எனவே, தேன் பூச விரும்புவோர் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பில்லையெனில், வாரம் இருமுறை ஈர முகத்தில் மெல்லியதாகப் பூசிப் பதினைந்து நிமிடங்களில் வெதுவெதுப்பான நீரால் கழுவலாம். தேனீப் பொருள்கள் ஒவ்வாதவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் தேன்பிசின், அரசக்கூழ் ஆகியவற்றைத் தவிர்ப்பதே நலம். நீரிழிவுடையோர் தேனை உண்பதில் கட்டுப்பாடு கொள்ள வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாவில் தடவுதலும் ஆகாது.

மங்குக்கு முதல் மருந்து நிழலே. குடை, முகத்தை மூடும் பருத்தித் துணி, வெயில்காப்புக் களிம்பு ஆகிய மூன்றும் பேத்திக்குத் துணையாகட்டும். மருத்துவர் சீட்டின்றிக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு சில நாள் வெளுப்புக் காட்டிப் பின் தோலையே மெலிவிக்கும். வளரும் மச்சம், உணர்ச்சியற்ற வெண்திட்டு, கழுத்தில் தடித்துக் கறுத்த தோல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது மருத்துவரை நாடுக. கழுத்துக் கருமை நீரிழிவின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

கார்மேக வண்ணனைக் கைகூப்பித் தொழும் நாம், வீட்டுப் பெண்ணின் கருநிறத்தைக் குறையென்று சொல்லலாமா? அடுத்த முறை அபிஷேகம் காணும்போது, பேத்தியையும் அருகில் நிறுத்திக் காட்டுங்கள். வெளுக்காமலே ஒளிரும் அந்த அழகு அவள் மனத்திலும் பதியட்டும்.