திருத்தொண்டர் (கிறித்தவம்)

திருத்தொண்டர் என்பவர் கிறித்தவத் திருச்சபையில் இறைமக்களுக்கு, சிறப்பாக ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும், பணிபுரிய ஏற்படுத்தப்பட்ட பணியாளர் ஆவார். இவர் தியாக்கோன் என்றும் அழைக்கப்படுகிறார். கத்தோலிக்க, மரபுவழி, ஆங்கிலிக்கன் திருச்சபைகளில் ஆயர், குரு ஆகியோருக்கு அடுத்த திருநிலை இதுவாகும். நல்ல திருத்தொண்டருக்கு வேண்டிய பண்புகள் புதிய ஏற்பாட்டிலேயே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றுள் சொல்வன்மையைவிட நம்பகத்தன்மையே முதலிடம் பெறுகிறது.

பெயர்

"தியாக்கோனோசு" என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பணியாளர் என்பது பொருள். உணவு பரிமாறுபவரையும் அச்சொல் குறித்தது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இது "உதவிக்காரர்" என்றும், பொது மொழிபெயர்ப்பில் "திருத்தொண்டர்" என்றும் வழங்குகிறது.

தோற்றம்

எருசலேமின் தொடக்ககாலத் திருச்சபையில் கைம்பெண்களுக்கு நாள்தோறும் உணவு முதலியன பகிர்ந்தளிக்கப்பட்டன. அதில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. அதனைத் தீர்க்க, நற்பெயரும் தூய ஆவியின் அருளும் ஞானமும் உடைய எழுவரைச் சபையாரே தெரிந்தெடுத்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா ஆகிய எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகும். எனவே முறையிட்ட தரப்பினரிடமே பகிர்வுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்நூல் இவர்களைத் திருத்தொண்டர் என்னும் பட்டத்தால் குறிப்பிடவில்லை. எனினும் திருச்சபை மரபு இவர்களையே முதல் திருத்தொண்டர்களாகக் கொள்கிறது.

பண்புகள்

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் (3:8-13) திருத்தொண்டருக்கு வேண்டிய தகுதிகளைப் பின்வருமாறு எடுத்துரைக்கிறது.

* கண்ணியமான நடத்தை.
* இரட்டை நாக்கு இல்லாமை: ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் பேசாதிருத்தல்.
* மதுவுக்கு அடிமையாகாமை.
* இழிவான ஊதியத்தை நாடாமை.
* தூய மனச்சான்றோடு நம்பிக்கையைக் காத்தல்.
* முதலில் சோதித்தறியப்பட்டு, குற்றமற்றவரெனத் தெளிந்த பின்னரே பணியேற்றல்.
* ஒரே மனைவியை உடையவராய், பிள்ளைகளையும் வீட்டையும் நன்கு நடத்துதல்.

இத்தகுதிகளைப் பணியின் தன்மையோடு இணைத்துப் பார்த்தால் அவற்றின் காரணம் விளங்கும். பொதுப் பணத்தையும் உணவையும் கையாள்பவர் பேராசை கொண்டால் முதலில் இழப்பது, கேட்க நாதியற்ற கைம்பெண்ணே. பல வீடுகளுக்கும் சென்று வருபவர் நாவடக்கம் இல்லாதவரானால் சபையில் பிளவு உண்டாகும். இதே அதிகாரம் சபைக் கண்காணிப்பாளருக்குக் கற்பிக்கும் ஆற்றல் வேண்டும் என்கிறது. திருத்தொண்டருக்கு அவ்வாறு கூறாதது குறிப்பிடத்தக்கது.

பெண்கள்

மேற்கண்ட பகுதியின் 11ஆம் வசனம் பெண்களையும் குறிப்பிடுகிறது. அங்குள்ள கிரேக்கச் சொல் பெண்கள், மனைவியர் என்னும் இரு பொருளும் தருவதால், அது பெண் திருத்தொண்டர்களைக் குறிக்கிறதா, திருத்தொண்டர்களின் மனைவியரைக் குறிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. உரோமையர் திருமுகம் (16:1) கெங்கிரேயாவைச் சேர்ந்த பெபேயா என்னும் பெண்ணைத் "தியாக்கோனோசு" என்றே அழைக்கிறது. பெண்களைத் திருத்தொண்டர்களாக ஏற்படுத்துவது குறித்து ஆராயத் திருத்தந்தை பிரான்சிசு 2016இலும் 2020இலும் குழுக்களை அமைத்தார்.

எடுத்துக்காட்டு

கி.பி. 258இல், பேரரசன் வலேரியன் காலத்தில், உரோமையில் கொல்லப்பட்ட புனித லாரன்சு ஒரு திருத்தொண்டர் ஆவார். திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு அதிகாரிகள் கேட்டபோது, அவர் ஏழைகளை அழைத்து வந்து, இவர்களே அச்செல்வங்கள் என்று காட்டினார் என்பது மரபு. அவரது விழா ஆகத்து 10ஆம் நாள் கொண்டாடப்படுகிறது.

இன்றைய நிலை

மேற்குத் திருச்சபையில் இப்பணி காலப்போக்கில் குருவாவதற்கு முந்தைய ஒரு படிநிலையாகச் சுருங்கியது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964இல் நிலையான திருத்தொண்டர் பணியை மீட்டெடுக்க வழிவகுத்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் அதற்கான விதிமுறைகளை வெளியிட்டார். அதன்படி 35 வயது நிறைந்த மணமான ஆண்களும், மனைவியின் இசைவுடன், இப்பணியை ஏற்கலாம். திருத்தொண்டர் திருமுழுக்கு வழங்கலாம், மறையுரை ஆற்றலாம், திருமணங்களை நடத்தி வைக்கலாம். ஆனால் திருப்பலி நிறைவேற்றவோ ஒப்புரவு வழங்கவோ இயலாது. பாப்திசுத்து சபைகளில், சபையார் தெரிந்தெடுக்கும் பொதுநிலையினர் இப்பெயரில் நிதி, உதவிப் பணிகளைக் கவனிக்கின்றனர்.