திமிங்கலத்தின் பருவமா, படகின் பருவமா?

இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத்திமிங்கலம் பார்க்கப் படகுகள் புறப்படுகின்றன. வலசை வரும் திமிங்கலங்கள் அந்த மாதங்களில் மட்டுமே தீவைக் கடந்து போகின்றன என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான். குற்றாலத்துக்கும் வாசுதேவநல்லூரின் மேற்கு மலைக்கும் மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் தென்கரைக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. படகு இறங்க முடியாததால் 'சீசன்' முடிகிறது. ஒரு பகுதித் திமிங்கலங்கள் அப்போது இரை பெருகும் அரபிக்கடலுக்குப் போவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால், உலகின் மற்ற நீலத்திமிங்கலங்களில் பெரும்பாலானவை குளிர்க்கடலில் உண்டு வெப்பக்கடலில் குட்டி போடும்போது, இவை வட இந்தியப் பெருங்கடலை விட்டுத் துருவம் வரை போவதில்லை. இங்கேயே உண்டு, இங்கேயே வாழ்கின்றன. 2008இல் ஆய்வுத் திட்டம் தொடங்கிய இலங்கை அறிவியலாளர் ஆஷா டி வோஸ் குழுவினர், இவற்றின் முக்கிய உணவு ஒருவகைச் சிறு இறால் என்று கண்டறிந்தனர். கரைக்கு மிக அருகிலேயே கடல் சட்டென்று ஆழமாகும் இடத்தில் அந்த இரை சேர்கிறது. ஆகவே திமிங்கலமும் கரையோரமே நிற்கிறது.

சிக்கல் அங்கேதான். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே, அந்த இரைக்களத்தின் மீதே, உலகின் மிக நெரிசலான கப்பல் வழித்தடங்களில் ஒன்று செல்கிறது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில் இறந்த நீலத்திமிங்கலம் ஒன்று தொங்கியது. 1960களில் சோவியத் கப்பல்கள் சட்டத்தை மீறி வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களைக் கொன்றன. மிஞ்சிய சிறு கூட்டத்தில் ஒவ்வொரு சாவும் பெரிய இழப்பு.

கப்பல் தடத்தை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் வரை குறையும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. காரணம் எளிது: தெற்கே போகப் போகத் திமிங்கலங்கள் குறைகின்றன. செலவு கூடுமே என்பார்கள். எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே அந்தத் தெற்குத் தடத்துக்கு மாறியது. லாபக் கணக்குப் பார்க்கும் ஒரு நிறுவனமே ஏற்ற சுற்று அது. துறைமுக வருவாய் போகும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. காலிக்கோ அம்பாந்தோட்டைக்கோ வர வேண்டிய கப்பல் எப்படியும் வரும், விலக வேண்டியவை சும்மா கடந்து போகிறவை மட்டுமே. கப்பலை விடுங்கள், வேடிக்கை பார்க்கும் படகுகள்தான் தொல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. மேலெழும் விலங்கை ஒரே நேரத்தில் பல படகுகள் சூழ்வது அதன் மூச்சையும் இரைதேடலையும் குலைக்கும். அங்கே விதிகளைக் கண்டிப்பாக அமலாக்க வேண்டும். ஆனால் படகின் தொல்லை கடல் கொந்தளித்ததும் ஓய்கிறது. கப்பலுக்குப் பருவமே இல்லை.

நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் சீனாவிலிருந்தும் கொழும்பு வழியாகத் தூத்துக்குடிக்கு வரும் பெட்டகங்கள் தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் வருகின்றன. வழித்தடத்தை அதிகாரபூர்வமாக மாற்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் இலங்கை அரசு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியா அதற்குத் துணை நிற்க வேண்டும்.