உஷார்! லுவா உருவாக்கும் மேக்ரோ எதை அழிக்கிறது?

லுவாலேடெக்கில் ஆவணம் அமைக்கிறவர்களில் பலர் இப்போது லுவா நிரலுக்குள்ளிருந்தே மேக்ரோக்களை உருவாக்குகிறார்கள். சிஎஸ்வி கோப்பைத் திறப்பது, அதில் உள்ள நெடுவரிசைத் தலைப்புகளையே மேக்ரோ பெயர்களாக்குவது, நூறு சான்றிதழ்களை ஒரே ஓட்டத்தில் தள்ளுவது. நீங்களும் இப்படிச் செய்கிறீர்கள் என்றால் அடுத்த கட்டு அச்சுக்குப் போகும் முன் தயவுசெய்து நிறுத்திப் பாருங்கள்.

ஒரு கல்லூரிச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். கோப்பில் நேம், டிகிரி, இயர் என்று ஆங்கிலத்தில் மூன்று தலைப்புகள். லுவா ஒவ்வொன்றையும் படித்து, டோக்கன் நூலகத்தின் செட்_மேக்ரோவை அழைத்து அதே பெயர்களில் மேக்ரோ வைக்கிறது. மாணவர் தேறிய ஆண்டு 2019. அந்த நொடியில் டெக்கின் சொந்தக் கட்டளை ஒன்று காணாமல் போய்விட்டது. நடப்பு ஆண்டை வைத்திருக்கும் அடிப்படைக் கட்டளையின் பெயரும் இயர்தான். சான்றிதழின் அடியில் இன்றைய தேதியைப் போடும் டுடே அதைத்தான் கேட்கும், கிடைப்பது 2019. நாள் சரி, மாதம் சரி, ஆண்டு மட்டும் பொய். பிழைச் செய்தி வராது, லாக் கோப்பில் ஒரு வரி எச்சரிக்கைகூட இருக்காது. பிடிஎஃப் பளிச்சென்று வந்து நிற்கும். முதல்வர் கையெழுத்தும் போட்டுவிடுவார்!

லேடெக்கின் நியூகமாண்டிடம் இதே பெயரைக் கொடுத்திருந்தால், ஏற்கெனவே இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லி மறுத்திருக்கும். செட்_மேக்ரோவுக்கு அந்தக் காவல் கிடையாது. வெறும் டெஃப் போல, கொடுத்த பெயரின் மேல் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பார் என்று கொடுத்தால் பத்தி பிரிக்கும் கட்டளை போச்சு. எண்ட் என்று கொடுத்தால் அதுவும் போச்சு. இவையாவது கூச்சல் போட்டு நிற்கும். இயர் மாதிரி சத்தமில்லாதவைதான் என்னைப் பயமுறுத்துகின்றன. ஆகவே தரவிலிருந்து வரும் எந்தப் பெயரையும் அப்படியே மேக்ரோ பெயராக்காதீர்கள். 'சான்று:இயர்' என்பதுபோல முன்னொட்டும் முக்காற்புள்ளியும் சேர்த்து வையுங்கள். சிஎஸ்நேம் கொண்டு எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பெயர் டெக்கின் கட்டளை எதோடும் மோதாது.

செட்_மேக்ரோ வேண்டாம், டெக்.பிரிண்ட் வழியாக டெஃப் வரியையே அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அங்கே வேறு குழி. டெக்.பிரிண்ட் அனுப்பும் வரிகள் வரிசையில் காத்திருக்கும். டைரக்ட்லுவா முடிந்த பிறகுதான் டெக் அவற்றைப் படிக்கும். அதே தொகுதிக்குள் அடுத்த வரியிலேயே கெட்_மேக்ரோவால் மதிப்பைக் கேட்டால் அந்த மேக்ரோ இன்னும் பிறந்திருக்காது, அல்லது பழைய மதிப்பு வரும். பெயரில் @ இருந்தால் இன்னும் மோசம். ஆவணத்தின் நடுவில் @ எழுத்தாகக் கருதப்படுவதில்லை. எனவே @-க்கு முன்னால் உள்ள பாதிதான் கட்டளையாகும். மீதிப் பாதி அதன் பின்னால் கட்டாயம் வந்தாக வேண்டிய வால் ஆகிவிடும். முன்பாதியின் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்திருந்தால் அதுவும் அழிந்தது.

டைரக்ட்லுவாவின் அடைப்புக்குள் நேரடியாக நிரல் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே எழுதுவதை லுவாவுக்குக் கொடுக்கும் முன் டெக் படித்து, மேக்ரோக்களை எல்லாம் விரித்துவிடுகிறது. % வந்தால் அந்த வரியின் மிச்சம் போய்விடும். வரி முடிவுகள் வெற்றிடமாகிவிடுவதால், -- போட்டு ஒரு லுவாக் குறிப்பு எழுதினால் அதற்குக் கீழே உள்ள நிரல் முழுவதும் குறிப்பாகிவிடும். அதற்கு மேலுள்ள பகுதி தன்னளவில் முழுமையாக இருந்தால் புகாரே வராது. கீழே வரையறுத்த மேக்ரோக்கள் மட்டும் இருக்காது. நிரலைத் தனி லுவா கோப்பில் வைத்து அழைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

குழுக்களையும் மறக்காதீர்கள். ஒரு சூழலுக்குள் செட்_மேக்ரோ வைத்த மேக்ரோ, சூழல் முடிந்ததும் மறைந்துவிடும். 'குளோபல்' என்று சேர்த்தால்தான் தங்கும். லுவா மாறிக்கோ டெக்கின் குழு என்றால் என்னவென்றே தெரியாது. 'ஏற்கெனவே வரையறுத்தாயிற்று' என்று லுவாவில் ஒரு கொடி வைத்திருந்தால், மேக்ரோ போன பிறகும் கொடி பறந்துகொண்டிருக்கும். இரண்டாம் முறை வரையறையே நடக்காது.

செட்_மேக்ரோவால் அளவுருக்கள் கொண்ட மேக்ரோவை வரையறுக்க முடியாது. அதனால் பலர் நியூகமாண்ட் எழுதி, #1-ஐ மேற்கோள் குறிகளுக்குள் வைத்து லுவாவுக்கு அனுப்புகிறார்கள். உள்ளே வரும் உரையில் ஒரு மேற்கோள் குறி இருந்தாலே லுவாவின் சரம் அங்கே முடிந்துவிடும். மிச்சம் நிரலாக ஓடும். ஊரார் நிரப்பிய படிவத்திலிருந்து வரும் உரை என்றால், உங்கள் கணினியின் கோப்புகளைத் திறக்கும் அதிகாரத்தை யாரோ ஒருவருக்குக் கொடுத்ததாகிறது. லுவாஎஸ்கேப்ஸ்ட்ரிங் போடாமல் #1-ஐ அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அவசரம். 1.17.0-க்கு முந்தைய லுவாடெக்கில், ஷெல் கட்டளைகளை முடக்கி வைத்திருந்தாலும், வெளியாள் தந்த ஆவணம் உங்கள் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டிவிட முடியும். சிவிஇ-2023-32700 என்று பதிவான ஓட்டை இது. டெக்லைவ் 2022 இன்னும் பல மடிக்கணினிகளில் இருக்கிறது. உங்களுடையது எந்தப் பதிப்பு என்று இப்போதே பாருங்கள். பழையது என்றால், புதுப்பிக்கும்வரை பிறர் அனுப்பும் கோப்பு எதையும் அதில் ஓட்டாதீர்கள்.