ரேஷன் வந்தது... தக்காளி லாரி ஓடியது... பூவுக்கு என்ன கிடைத்தது? ஊரடங்கு சொன்ன பாடம்!

2020, மார்ச் 25. யுகாதிப் பண்டிகை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஓசூர் வட்டாரத்தில், பூ வியாபாரம் களைகட்டும் நாள். ஆனால், முந்தின நாள் மாலை 6 மணிக்கே தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது. இரவு 8 மணிக்கு, நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். விடிந்தபோது பூ மார்க்கெட் இல்லை. கோயில் நடை திறக்கவில்லை. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வீட்டோடு முடிந்தன. வெளிநாட்டுக்கு ரோஜா ஏற்றிப்போன விமானங்களும் நின்றன.

செடிக்கு ஊரடங்கு தெரியாதே! பசுமைக்குடில் ரோஜாவை விற்காவிட்டாலும் வெட்டியே ஆக வேண்டும். விட்டால் செடியின் சத்தெல்லாம் முற்றிய பூவுக்குப் போகும். இதழ் அழுகிப் பூஞ்சணம் பரவும். அதனால், பாகலூர், பேரிகை, தளி பக்கத்து விவசாயிகள் கூலி கொடுத்துப் பூவை வெட்டி, குழியில் கொட்டினார்கள்.

அதே வாரத்தில் ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் தக்காளி லாரிகள் ஓட ஆரம்பித்திருந்தன. ஒரே மண், ஒரே ஊரடங்கு. ஏன் இந்த வித்தியாசம்?

சாலையைத் திறந்த உத்தரவுகள்

மார்ச் 27-ம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் வயல் வேலை, அறுவடை இயந்திரங்கள், மண்டிகள், விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தது. 29-ம் தேதி, எந்தச் சரக்கானாலும் லாரியை மறிக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகா என்றிருக்கும் ஓசூருக்கு இந்த இரண்டு உத்தரவுகளும் உயிர்மூச்சு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் உழவர் சந்தைகள், பஸ் நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் மாறி, இடைவெளி விட்டு இயங்கின. லாரி தேடுபவர்களுக்காக ஏப்ரல் 17-ம் தேதி 'கிசான் ரத்' செயலி வந்தது.

வழி திறந்தது; விலை கிடைக்கவில்லை. ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் எல்லாம் மூடிக் கிடந்ததே காரணம். ஏப்ரல் 30-ம் தேதி மத்திய சுகாதாரத்துறை வெளியிட்ட பட்டியலில், தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. ஆனால், அதன் விளைச்சலை வாங்கும் சென்னையும் பெங்களூரும் சிவப்பு மண்டலத்தில் இருந்தன. மே 5-ம் தேதி கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, அடுத்த வாரம் திருமழிசைக்கு மாறியது. விளையும் இடம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, விற்கும் இடமும் நன்றாக இருக்க வேண்டும் என்பதை அந்த மாதம் காட்டியது.

அடுப்பை அணையவிடாத ரேஷன் கடை

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகள் மூடப்பட்டதால், பல விவசாயக் குடும்பங்களில் மாதச் சம்பளமும் நின்றது. அப்போது கைகொடுத்தது ரேஷன் கடை. அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாதத்துக்கு இலவச அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் தமிழ்நாடு அரசு வழங்கியது. மத்திய அரசு, ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கூடுதலாக ஒதுக்கியது. நூறு நாள் வேலைக் கூலி 229 ரூபாயிலிருந்து 256 ஆனது. 2021 இரண்டாம் அலையில், அரிசி அட்டைகளுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருள்களும் கிடைத்தன.

வடமாநிலத் தொழிலாளர்கள் நிலைமை வேறு. அவர்களின் ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருந்தது. அட்டை இல்லாதவர்களுக்கும் தானியம் என்ற அறிவிப்பு மே 14-ம் தேதிதான் வந்தது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் அக்டோபர் 1-ம் தேதி தொடங்கியது.

எல்லைக்கு அந்தப் பக்கம் 25,000 ரூபாய்

பூ சாகுபடிக்குத் தடை எதுவும் இல்லை; வாங்கத்தான் ஆளில்லை. ஜூன் மாதத்தில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டத்தை விரிவாக்கி, போக்குவரத்துக்கும் சேமிப்புக்கும் 50 சதவிகித மானியம் தந்தது மத்திய அரசு. அதுவும் காய், பழங்களுக்குத்தான்.

கர்நாடகா வேறு வழியில் போனது. மே 6-ம் தேதி அறிவித்த 1,610 கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பில், பூ விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் தருவதாகச் சொன்னது; ஒருவருக்கு அதிகபட்சம் ஒரு ஹெக்டேர். ஏக்கருக்குச் சுமார் 10,000 ரூபாய். பசுமைக்குடில் போட்ட செலவுக்கு முன்னால் அது சொற்பம்தான். ஆனாலும், 'பூவும் வெள்ளாமைதான்' என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் அதே ரோஜாவை வளர்த்த ஓசூர் விவசாயிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.

உலகப் பூ வியாபாரத்தின் தலைவாசலான நெதர்லாந்திலும் அந்த மார்ச்சில் ஏல மையங்களில் பூக்கள் கொட்டி அழிக்கப்பட்டன. அந்த அரசு தோட்டக்கலைக்கு மட்டும் 60 கோடி யூரோ ஒதுக்கியது. முந்தைய ஆண்டுகளின் விற்பனையோடு ஒப்பிட்டு இழப்பைக் கணக்கிட்டது. கணக்கு கையில் இருந்ததால்தான் இழப்பை நிரூபிக்க முடிந்தது.

பெயர் இருந்தால் பணம்

பி.எம்.கிசான் தவணையான 2,000 ரூபாய் 2020 ஏப்ரலில் வங்கிக் கணக்குக்கு வந்தது. அது நிலம் சொந்தப் பெயரில் இருந்தவர்களுக்கு. வெயிலில் நின்ற குத்தகைதாரருக்கு இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடந்த குடும்பங்களும் தவித்தன. 2021 பிப்ரவரியில், 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. அது கூட்டுறவுக் கடன். கந்துவட்டிக்கு வாங்கியவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ஆக, அரசின் உதவி வயலைப் பார்த்து வரவில்லை. பதிவேட்டைப் பார்த்துத்தான் வந்தது. நோயோ, வெள்ளமோ, வறட்சியோ, அடுத்த முறையும் அப்படித்தான் வரும்.

இப்போதே செய்ய வேண்டியவை

* இறந்தவர் பெயரில் உள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள்.

* ஒவ்வொரு பருவத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைச் சரிபாருங்கள். ரோஜா நிற்கும் நிலத்தில் ராகி என்று பதிவாகியிருந்தால், ரோஜாவுக்கான நிவாரணம் வராது.

* குத்தகையை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வையுங்கள்.

* பயிர்க்கடனைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். சிறு தொகையானாலும் சரி.

* மண்டிச் சீட்டு, லாரி ரசீது, ஏற்றுமதி பில் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள்.

* பூ மட்டுமே நம்பியிருப்பவர்கள், ஒரு பகுதி நிலத்திலாவது காய்கறியோ தீவனமோ போடுங்கள். சாலை அடைபட்ட நாளில் முதலில் வழிவிடப்பட்டது உணவுக்குத்தான்.